மூன்று போன் மாரிசெல்வி

கறுப்பு போன் அடித்தால் மாரிசெல்வி எடுப்பதற்கு முன்னால் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வாள். பச்சை போன் அடித்தால், பார்க்க ஆளே இல்லாவிட்டாலும், காதோர முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்வாள். சிவப்பு போனுக்கு எந்த அலங்காரமும் கிடையாது. எடுத்து, "ஆபீஸ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, எதிர்முனை பேசட்டும் என்று காத்திருப்பாள்.

மூன்றும் ஒரே மேஜையில் இருக்கின்றன. விருதுநகர் பஜாரில், ஒரு மிளகாய் வற்றல் குடோனுக்கு மேலே இருக்கும் மாடியில், லட்சுமிகாந்தம் குரூப்பின் தலைமை அலுவலகம். கறுப்பு போனில் அவள் பெயர் ஷீலா. அந்தமானில் தீவுக்குத் தீவு ஓடும் குரூப்பின் பயணிகள் கப்பலுக்கு அவள்தான் விசாரணை. பச்சை போனில் பெயர் பிரியா, வேலை வீட்டுமனை விற்பது. சிவப்பு போன் பட்டாசுக்கு. அதில் அவளுக்குப் பெயரே இல்லை. ஒரே பெண்தான் எல்லா போனையும் எடுக்கிறாள் என்று தெரிந்தால் கம்பெனி சின்னதாகத் தெரியும் என்று சின்ன முதலாளி மகேஷ்குமார் சூட்டிய பெயர்கள் இவை. மூன்று பேர் வேலையைப் பார்க்கிறவளுக்கு ஒரு நாற்காலிதான், அதற்கும் ஒரு கால் ஆடுகிறது என்பது போனில் யாருக்கும் தெரியாது.

வயது இருபத்தாறு. விஸ்வநத்தத்துக்காரி. தினமும் காலையில் பஸ்ஸேறி சிவகாசி வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து விருதுநகர் வருகிறாள். கடல் என்று அவள் பார்த்தது ஒரே ஒரு முறை, திருச்செந்தூரில், முழங்கால் வரைக்கும். ஆனால் அந்தமான் கடலில் எந்த மாதம் எந்தப் பக்கம் அலை புரளும் என்று கேட்டால் சொல்வாள். பள்ளிக்கூட அட்லசிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தைக் கறுப்பு போனுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதில் கப்பல் ஓடும் வழியெல்லாம் பென்சிலால் கோடு.

கீழே வற்றல் மூட்டை இறங்கும் நாட்களில் மாடியெல்லாம் காரம் ஏறும். அப்போது அவள் தும்முவாள். ஒரே மூச்சில் மூன்று தும்மல். இரண்டோடு நின்றதும் கிடையாது, நான்காவது வந்ததும் கிடையாது. ஷீலாவும் தும்முவாள், பிரியாவும் தும்முவாள். தும்மலுக்கு வேறு வேறு பெயர் வைக்க மகேஷ்குமாருக்குத் தோன்றவில்லை.

கப்பல் அந்தமானில் ஓட, விசாரணை விருதுநகரில் எதற்கு என்று கேட்கலாம். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆண்கள் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் என்று அந்தத் தீவுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே இருக்கிற அவர்கள் வீட்டுப் பெண்கள் டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று கேட்பது ஒரே கேள்விதான். கப்பல் கிளம்பிவிட்டதா, போய்ச் சேர்ந்துவிட்டதா. அவர்களுக்குப் பதில் சொல்வது மாரிசெல்விக்குப் பிடித்த வேலை. சில சமயம் தாய் கறுப்பு போனில் காத்திருக்கும்போதே, மகன் அங்கே படகுத்துறை அலுவலகத்திலிருந்து, கறுப்பு கிடைக்காமல், சிவப்பு போனில் வந்துவிடுவான். மாரிசெல்வி இரண்டு ரிசீவரையும் தலைமாற்றி ஒன்றோடொன்று சேர்த்து மேஜையில் வைப்பாள். இதன் காது அதன் வாயிலும், அதன் காது இதன் வாயிலும் பொருந்தும். இருவரும் பேசிக்கொள்வார்கள். மேலே தன் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். "ஆத்தாளும் மகனும் பேசுறத நாம கேக்கலாமா" என்பாள். ஒரு நாள் இதைப் பார்த்துவிட்ட மகேஷ்குமார், இது என்ன விளையாட்டுச் சாமானா என்று திட்டினான்.

இந்தக் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய முதலாளி ரத்தினசாமி தீப்பெட்டி லேபிள் அச்சடித்து ஆரம்பித்தவர். அப்புறம் பட்டாசு, அப்புறம் கப்பல், இப்போது மனை. எண்பது வயதில் அலுவலகச் சுவரில் படமாகவும், வெள்ளிக்கிழமைகளில் ஆளாகவும் வந்து உட்காருகிறார். பட்டாசில் ஊரார் கை பட்டுத்தான் காசு வந்தது என்பது அவருக்காவது தெரியும். மகன் மகேஷ்குமாருக்கு அதுவும் தெரியாது. கப்பலுக்குத் தன் எட்டு வயது மகள் ஹர்ஷினியின் பெயரை வைத்தான். மனைப்பிரிவுக்கும் ஹர்ஷினி நகர் என்று அதே பெயர். அந்தப் பிள்ளை கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படிக்கிறது. அந்தக் கப்பலில் ஏறியதும் இல்லை, அந்த நகரில் கால் வைத்ததும் இல்லை.

அந்த நகரில் எந்தத் தகப்பனும் தன் பிள்ளையைக் கால் வைக்க விடமாட்டான். விஸ்வநத்தத்துக்கு மேற்கே குரூப்பின் பட்டாசுச் சரக்குக் குடோன் இருக்கிறது. அப்படிப்பட்ட குடோனைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குக் குடியிருப்பு இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தூரத்துக்காகவே பெரிய முதலாளி அந்தக் காலத்தில் சுற்றிலும் கரிசலை வாங்கிப் போட்டார். காலியாகக் கிடப்பதுதான் அந்த நிலத்தின் வேலை. மகேஷ்குமாருக்கு நிலம் சும்மா கிடப்பது பொறுக்கவில்லை. கருவேலமரத்தை வெட்டி, கோடு கிழித்து, மஞ்சள் கல் நட்டுவிட்டான். தினமும் பஸ் ஜன்னலிலிருந்து மாரிசெல்வி பார்ப்பாள். கல் வரிசை வாரத்துக்கு வாரம் வளர்ந்து, கடைசியில் குடோன் மதில் வரைக்கும் வந்து நின்றது.

உள்ளூர்க்காரன் எவனும் வாங்கமாட்டான். அது மகேஷ்குமாருக்குத் தெரியும். அதனால் மனை நோட்டீசைச் சொந்த அச்சகத்தில் அடித்து, அந்தமானுக்கு அனுப்பி, கப்பல் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க வைத்தான். வெயிலில் காய்ந்து சம்பாதிக்கிறவன் அலைக்கு நடுவில் உட்கார்ந்து, ஊரில் ஒரு வீடு என்று கனவு காணும் நேரம் பார்த்துக் கையில் திணித்தான். எப்பேர்ப்பட்ட மூளை. நோட்டீசில் இருக்கன்குடி கோயிலுக்கு எத்தனை நிமிஷம், காலேஜுக்கு எத்தனை நிமிஷம் என்றெல்லாம் இருந்தது. குடோனுக்கு எத்தனை நிமிஷம் என்று மட்டும் இல்லை.

மாரிசெல்வியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவன் இரண்டு துண்டுச் சீட்டு வைத்தான். பச்சை போனுக்கு நேரே இருந்த சீட்டில், "அருகில் தொழிற்சாலையோ குடோனோ கிடையாது. தூய்மையான காற்று." சிவப்பு போனுக்கு நேரே இருந்ததில், "சுற்றிலும் குடியிருப்பு கிடையாது. தரிசு நிலம்." கேட்கிறவர்களுக்கு அதை அப்படியே படித்தால் போதும் என்றான். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

மாரிசெல்வி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காவது நாள் கேட்டேவிட்டாள்.

"சார், ரெண்டும் ஒரே எடம். ரெண்டுல ஒண்ணுதான சார் நெசமா இருக்க முடியும்?"

மகேஷ்குமார் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தான். "கேக்குற ரெண்டு பேரும் என்னைக்காவது பேசிக்கப் போறாங்களா? அப்புறம் உனக்கென்ன?" வாங்குகிறவர்கள் வீடு கட்ட அஞ்சு வருஷம் ஆகும், அதற்குள் குடோனை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கமும் சொன்னான். மாற்றுவதற்கு இடம் பார்த்தாயிற்றா என்று அவள் கேட்டதற்கு, உங்க அம்மா நம்ம பட்டாசு ஆபீசில்தானே இருக்காங்க என்று விசாரித்தான். பட்டாசு ஆலையை ஆபீஸ் என்று சொல்வதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அவன் எதற்காக விசாரிக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அம்மா கருப்பம்மாளுக்கு அந்த ஆபீசில் பதினெட்டு வருஷ வேலை. மகளுக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்ததே அவள்தான், பெரிய முதலாளியிடம் கெஞ்சி. அன்று சாயங்காலம் மகள் மஞ்சள் கல்லைப் பற்றிச் சொன்னதும், கருப்பம்மாள் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தச் செவத்துகிட்ட நாங்க தூக்குச்சட்டியக்கூட வைக்க மாட்டோம் புள்ள. இரும்பு இரும்புல ஒரசிரக் கூடாதுன்னு. அங்கனயா அடுப்படி கட்டப் போறாக?"

அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். நமக்கு எதுக்கு வம்பு, போனை எடுத்தமா வச்சமான்னு இரு என்றாள். இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது. இதற்காகக் கருப்பம்மாளைக் குறை சொல்ல முடியாது. ஒரு தாயை இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேச வைக்கிறார்களே, அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கறுப்பு போனில் அடிக்கடி வரும் பெண்களில் ஒருத்தி ராக்காயி. சாத்தூருக்குப் பக்கம். புருஷன் கருத்தப்பாண்டி தீவுகளில் கொத்தனார். அவன் கப்பலேறும் நாளெல்லாம் பூத்துக்கு வந்து, "தாயி, கப்பலு கெளம்பிருச்சா? கடலு சும்மா இருக்கா?" என்று கேட்பாள். ஷீலா மேடம் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. தாயி என்பதோடு சரி.

போன வருஷம் ஒரு நாள், ஏற்ற வேண்டியதற்கு ஒன்றரை மடங்கு ஆளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் நடுக்கடலில் எஞ்சின் நின்று ஐந்து மணி நேரம் கிடந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லும்படி மகேஷ்குமார் உத்தரவு போட்டான். ராக்காயிக்கும் மாரிசெல்வி அப்படித்தான் சொன்னாள். மறுநாள் ராக்காயி மறுபடியும் கூப்பிட்டாள். புருஷன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான். திட்டப் போகிறாள் என்று மாரிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ராக்காயி நன்றி சொன்னாள். "நெசத்தச் சொல்லியிருந்தா நான் துடிச்சே போயிருப்பேன். பிள்ளகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வச்சேன். ஒன் வாயி நல்ல வாயி தாயி" என்றாள். திட்டியிருந்தால்கூட மாரிசெல்விக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து கறுப்பு போனில், முதலில் படகுத்துறைக்குப் பேசிக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

பச்சை போனுக்கு அப்படி ஒரு விரதம் எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனி மாதம் ஒரு மத்தியானம், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கரகரத்த குரல் மனை கேட்டது. விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டது. பக்கத்தில் பட்டாசு ஆபீஸ் எதுவும் இருக்கிறதா. ஏன் என்று பிரியா கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். மனைவியின் தங்கச்சி சோலையம்மாள் பத்தொன்பது வயதில் பட்டாசு ஆபீசில் கருகிப் போனாள். பாயில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அதைத் தூக்கி வந்தவன் அவன். தன் பிள்ளைகளைப் பட்டாசு வாடை படாத இடத்தில்தான் குடிவைப்பேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கடல் தாண்டியிருக்கிறான். மாரிசெல்வி சீட்டைப் பார்த்துப் படித்தாள். தொழிற்சாலையோ குடோனோ கிடையாது சார், தூய்மையான காற்று. ரொம்ப சந்தோஷம் மேடம் என்றான் அவன். மனையை மனைவி பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லிப் பெயரைச் சொன்னான். ராக்காயி.

மாரிசெல்வி அன்று கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அதோடு முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து மனை வாங்குகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். குடோனுக்கு அன்று விடுமுறை. மதில் நீளத்துக்கும் ஒரு பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தான் மகேஷ்குமார். நீலக் கடல், நடுவில் வெள்ளையாக ஹர்ஷினி கப்பல். கரிசல் காட்டுக்குள் அத்தனை பெரிய கடலைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ராக்காயி கறுப்பு போனில் வந்து சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் போகிற கப்பலே சுவரில் நிற்கிறதாம். வாசல் தெளிக்க வரும்போதெல்லாம் அதைப் பார்க்கலாமாம். அன்றைக்கே மாரிசெல்வி சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே மகேஷ்குமார் நின்று பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தான். அம்மாவின் பதினெட்டு வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து நடந்தது ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை. தீபாவளி ஆர்டர் எகிறிக்கொண்டிருந்த சமயம். கீழே லாரியிலிருந்து வற்றல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிவப்பு போன் அடித்தது. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, புதிதாக மாறி வந்தவர். அடுத்த வாரம் குடோனைப் பார்க்க வருவதாகவும், அதற்கு முன்பு விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பதாகவும் சொன்னார். குடோனிலிருந்து பக்கத்துக் குடியிருப்பு எவ்வளவு தூரம் என்பதுதான் அந்தக் கட்டம். இதுபோன்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது, பைலைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் காக்க வைக்க வேண்டும் என்பது மகேஷ்குமார் சொல்லிக் கொடுத்த பாடம். "பைல் பாத்துச் சொல்றேன் சார்" என்று ரிசீவரை மேஜையில் வைத்தாள்.

அப்போதுதான் பச்சை அடித்தது.

ராக்காயி, பயந்த குரலில் பிரியா மேடமா என்று கேட்டாள். நாளைக்குப் பத்திரம் முடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளச் சொன்னார், தப்பாக நினைக்க வேண்டாம் என்று ஆரம்பித்தாள். பிரியா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது காரம் ஏறியது. ஒரே மூச்சில் மூன்று தும்மல்.

எதிர்முனை சட்டென்று, "ஏ தாயி, கப்பல் புள்ளதான நீயி?" என்றது.

மாரிசெல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீதேன். இந்த மூணு தும்மல நான் எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன். இங்கனயும் நீதேன் இருக்கியா? அப்ப எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம். அன்னைக்குக் கப்பலுக்குச் சொன்ன மாதிரி ஒரு நல்ல வார்த்த சொல்லு தாயி. அங்கன பக்கத்துல பட்டாசு ஆபீசு, குடோனு எதுவும் கெடையாதுல்ல?"

கண்ணாடிக்கு அடியில் இரண்டு சீட்டும் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. மேஜையில் கிடந்த சிவப்பு ரிசீவர், பைல் கிடைத்ததா என்று சின்னதாகக் கேட்டது. உள் அறையில் மகேஷ்குமார் யாரிடமோ செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தான். இந்நேரம் அம்மா வேலைக்கு உட்கார்ந்திருப்பாள். நாளைக்கு உட்கார விடமாட்டார்கள். மாரிசெல்விக்குப் பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே கோபம் ஏறி நின்றது. அவன் மீது கோபம். அவன் கொடுத்த பெயர்களை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாயசைத்த தன் மீதும் கோபம்.

"அக்கா, என் பேரு மாரிசெல்வி. விஸ்வநத்தத்துக்காரி. அன்னைக்கு நான் சொன்னது பொய். இன்னைக்கு என்ன நம்ப வேணாம். அந்தக் குடோனுக்கு லைசென்ஸ் குடுக்குறவரு லைன்ல இருக்காரு. நீங்க எங்கன வீடு கட்டப் போறீகன்னு அவருகிட்டயே சொல்லுங்க."

ராக்காயி எந்தக் குடோன் என்று கேட்டாள். மாரிசெல்வி அதற்குப் பதில் சொல்லாமல் சிவப்பு ரிசீவரை எடுத்தாள்.

"சார், பக்கத்துக் குடியிருப்பு எம்புட்டுத் தூரம்னு கேட்டீகள்ல. குடோன் மதிலுக்கு அந்தப் பக்கம் நாளைக்கு மனை பத்திரம் முடிக்கிறவுக பேசுறாக. கேட்டுக்கோங்க."

அறைக்கதவு திறந்தது. யாரிடம் பேசுகிறாய், போனை வை என்று மகேஷ்குமார் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். மாரிசெல்வி இரண்டு ரிசீவரையும் தலைமாற்றிச் சேர்த்து, அந்த இரண்டு சீட்டுக்கும் மேலே வைத்தாள். அவன் சத்தம் உள்ளே விழுந்துவிடாதபடி துப்பட்டாவைக் கழற்றி இரண்டு சுற்றுச் சுற்றி மூடினாள். பிறகு இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.